சிப்ஸ் அண்ணாச்சியின் வால்வுப் பெட்டி

தென்காசி வட்டாரத்திலேயே என்னைவிடச் சுமாராகக் கிட்டார் வாசித்து, என்னைவிட அதிகமாகக் கைதட்டு வாங்கிய ஒரே மனிதர் சிப்ஸ் அண்ணாச்சிதான். இதைப் பொறாமையில் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். பொறாமையில்தான் சொல்கிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். குற்றாலத்தில் அதைத் தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதில்லை. பேரருவிக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. முன்னால் பெரிய எண்ணெய்ச் சட்டி, பின்னால் சுவர் ஆணியில் ஒரு கிட்டார். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, எண்ணெய் காய்கிற இடைவெளியில் கிட்டாரை எடுத்து நாலு தட்டுத் தட்டுவார். கையைத் துடைக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. கிட்டாரின் கழுத்து முழுக்கத் தேங்காய் எண்ணெய் ஊறிப்போய், விரல் ஓரிடத்தில் நிற்காமல் தானாக வழுக்கி அடுத்த சுரத்துக்குப் போய்விடும்.

“எப்படி இழையுது பாத்தியாலே? இதுக்குன்னு சிலபேரு வருசக்கணக்கா பாடம் படிக்கானுவ” என்பார். அந்தச் சிலபேர் நான்தான்.

குற்றாலத்துக் குரங்குகள் அந்தக் கிட்டாரைத் தின்பண்டம் என்றே நம்பின. ஒரு தடவை தாட்டியான குரங்கு ஒன்று கடைக்குள் புகுந்து கிட்டாரின் தலையைக் கடித்துப் பார்த்து, ருசி பிடிக்காமல் அவரை முறைத்துவிட்டுப் போனது. வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பல் தடத்தைக் காட்டிக் கம்பெனி முத்திரை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் இரண்டு பேர் நம்பினார்கள்.

நானும் அவரும் ஒரே இன்னிசைக் குழுவில் வாசித்தோம். கல்யாணம், கோயில் கொடை, கடைத் திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போகிற குழு. கீபோர்டு வாசிக்கிற மாஸ்டர்தான் தலைவர். நான் லீடு கிட்டார், அண்ணாச்சி ரிதம் கிட்டார். ரிதம் என்றால் பாட்டுக்குப் பின்னால் ஜிங் ஜிங் என்று தட்டிக்கொண்டே இருப்பது. லீடு என்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது. பகலெல்லாம் தென்காசியில் ஓர் அலுவலகத்தின் கடைசி மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கு, யாராவது திரும்பிப் பார்ப்பது முக்கியமாக இருந்தது.

அதிலும் முக்கியம் சோடா டைம். கச்சேரியின் நடுவே பாடுகிறவர்கள் தொண்டையை நனைக்க மேடையைவிட்டு இறங்குவார்கள். அந்த நேரத்தில் பழைய மெட்டு ஒன்றைக் கிட்டாரில் தனியாக வாசிப்பது எங்கள் குழுவின் வழக்கம். அந்தச் சில நிமிடங்கள் என் சொத்து. பட்டா மட்டும்தான் என் பெயரில் இல்லை.

அந்தச் சொத்துக்கு அண்ணாச்சியால் ஆபத்து வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு காது மட்டும்தான். அந்தக் காதைப் பற்றிச் சொல்லவேண்டும். சிப்ஸ் வெந்துவிட்டதா என்று அவர் சட்டியைப் பார்க்கவே மாட்டார். சீவல் எண்ணெயில் விழுந்ததும் சளசளவென்று கத்தும். ஈரம் வற்ற வற்றச் சத்தம் குறையும். அது அடங்குகிற நேரத்தில் அரிகரண்டியை விட்டு அள்ளிவிடவேண்டும், கொஞ்சம் பிந்தினாலும் கருகிவிடும். அண்ணாச்சி சட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உலக அரசியல் பேசிக்கொண்டிருப்பார். நடுவே திடீரென்று “அடங்கிட்டு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி அள்ளுவார். பொன் நிறத்தில் வரும்.

அதே காதை என் பக்கமும் திருப்பியதுதான் வினை.

“ஏலே, உன் விரலு சுத்தம். மெட்டும் சுத்தம். சத்தம்தான் நமுத்துப்போய்க் கிடக்கு” என்றார் ஒருநாள், கச்சேரி முடிந்து வேனில் வரும்போது.

சாரல் காலத்தில் திறந்து வைத்த சிப்ஸ் நமுத்துப்போகும். கிட்டார் எப்படி நமுக்கும் என்று கேட்டேன். “கடிச்சா சத்தம் வரணும்லா, வரல” என்றார். வேனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் எதை வாசித்தாலும் பின்னால் இருந்து யாராவது நமுத்துட்டு, நமுத்துட்டு என்பார்கள்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குறை என் கையில் இல்லை, என் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில்தான் இருக்கிறது என்று நிரூபிக்க அவர் கடைக்கே போனேன். என்னுடையது சாதாரண டிரான்சிஸ்டர் பெட்டி. உண்மையான கிட்டார்க்காரர்கள் வைத்திருப்பது டியூப் ஆம்ப். பழைய வால்வு ரேடியோவில் இருந்ததுபோல உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் வரிசையாக இருக்கும், அவை சூடாகிச் சிவந்த பிறகுதான் சத்தமே வரும். இதையெல்லாம் விளக்கிச் சொல்லி, செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டு இயர்போனை அவர் காதில் மாட்டினேன். அந்த வீடியோவை நான் தினமும் தூங்குவதற்கு முன்னால் பார்ப்பேன். வீட்டுக் கடன் முடிந்ததும் அப்படி ஒன்று வாங்கவேண்டும் என்பது என் நெடுநாள் திட்டம்.

அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றுதான் அவர் கடையில் ஓர் ஈடு சிப்ஸ் கருகி, தெருவெல்லாம் புகை வந்தது.

“இது அடங்கவே மாட்டேங்குதேலே” என்றார், இயர்போனைக் கழற்றாமல்.

அடுத்த மாதம் அவர் வாங்கிவிட்டார்.

என்னிடம் திட்டம் இருந்தது, அவரிடம் மச்சான் இருந்தார். வளைகுடாவில் இருந்து வந்த மச்சான் கொல்லத்தில் இறங்கி, பெட்டியை அங்கேயே கொடுத்துவிட்டார். அண்ணாச்சி அதை லாரியில் போட மனமில்லாமல் கேரளா பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்து ஆரியங்காவு வழியாகக் கூட்டிவந்தார். கூட்டிவந்தார் என்றுதான் அவரும் சொன்னார். கண்டக்டர் “இது ஆரா சேட்டா?” என்று கேட்டதற்கு, “நம்ம தம்பிதான். தென்காசிக்கு ஒரு டிக்கட் கொடும்” என்று அதற்கும் டிக்கட் எடுத்தாராம். வளைவுகளில் அதன் தோளைப் பிடித்துக்கொண்டதாகவும் சொன்னார்.

விஷயம் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “நீங்க பாடம் எடுத்தீங்க, அவரு வாங்கிட்டாரு. உங்களுக்கென்ன, வீடியோ இருக்குல்லா.”

பார்க்கப் போகாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. கடையில் கூட்டம். சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, பெட்டி நடுநாயகமாக இருந்தது. பின்பக்கம் குனிந்து பார்த்தால் உள்ளே குமிழ்கள் மங்கலாகச் சிவந்துகொண்டிருந்தன. என் வீடியோவில் பார்த்த அதே சிவப்பு. அருவிக்குக் குளிக்க வந்த குடும்பங்கள் வரிசையில் நின்று பார்த்தன.

“வாசிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி” என்றார் ஒருவர்.

“பொறும். சட்டி காயாம சீவலைப் போடலாமா?” என்றார் அண்ணாச்சி.

நான் படித்துத் தெரிந்துகொண்ட வித்தை, அவருக்கு எண்ணெய்ச் சட்டியிலேயே விளங்கிவிட்டது. எரிச்சல் தாங்கவில்லை. நல்ல பெட்டி, ஆனால் குற்றாலத்துக் குளிருக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெட்டியின் முதல் கச்சேரி குற்றாலத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் அமைந்தது. காலையில் முகூர்த்தம், அது முடிந்ததும் பாட்டு, பக்கத்தில் பந்தி. முந்தின நாள் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒண்ணும் நெனச்சுக்கக் கூடாது. நாளைக்கு சோடா டைம் அண்ணாச்சிக்குக் கொடுப்போம். புதுப் பெட்டிலா, ஆசைப்படுதாரு. நல்லா எடுபட்டுச்சுன்னா அப்படியே வச்சுக்கிடுவோம். எடுபடலன்னா உமக்குத்தான்.”

என் சொத்து பறிபோகிற நேரம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பண்பொழித் திருமலைக் குமரனிடம் வேண்டிக்கொண்டேன். பெட்டி எரிந்துபோகவேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை, நான் அவ்வளவு கெட்டவன் இல்லை. ஒரு ஃபியூஸ் போனால் போதும் என்றுதான் கேட்டேன்.

மறுநாள் அண்ணாச்சி விடியும் முன்பே மண்டபத்துக்கு வந்துவிட்டார். அவருக்கு அங்கே இரண்டு வேலை. பந்திக்கு சிப்ஸ் போடுகிற பொறுப்பும் அவருடையதுதான். பின்கட்டில் சமையல்காரர் பக்கத்தில் தன் சட்டியை வைத்துப் பொரித்துவிட்டு, அவ்வப்போது மேடைக்கு வந்து பெட்டியைத் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுப் போனார். முகூர்த்தத்துக்கு முன்பே அதை ஆன் செய்து வைத்தாயிற்று. தாலி கட்டும்போது மேடையில் காய்ந்துகொண்டிருந்தவை அக்கினிக் குண்டமும் அந்தப் பெட்டியும்தான்.

கச்சேரி ஆரம்பித்தது. முதல் பாட்டிலேயே என் வேண்டுதல் பாதி பலித்தது. புதுப் பெட்டியின் சத்தம் ஊசி ஊசியாகக் குத்தியது. முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. மாஸ்டர் முகம் சுளித்து அண்ணாச்சியைப் பார்த்தார், அண்ணாச்சி பெட்டியின் திருகுகளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருகினார், குழந்தை இன்னும் உரக்க அழுதது. நான் அன்றைக்கு வாசித்ததுபோல உற்சாகமாக என்றுமே வாசித்ததில்லை.

அப்போதுதான் தாய்மாமன் வந்தார்.

மணப்பெண்ணின் தாய்மாமன் திருவேங்கடத்துக்காரர். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. மழைக்கு வானத்தைப் பார்த்தே பழகிய ஊர்க்காரர் குற்றாலத்தில் விடுவாரா? முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு குளியல், மாலை வாங்கிக்கொண்டதும் போய் இன்னொரு குளியல். அருவியில் இருந்து நேராக ஈரத் துண்டோடு வந்தார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் கொடி, நாற்காலி, ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் யாருடையதோ ஈர வேட்டி. துண்டைக் காயப்போட இடம் தேடிச் சுற்றியவர், மேடை ஓரமாக வந்தபோது கதகதப்பாக ஏதோ இருப்பதைக் கண்டுபிடித்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. துண்டை உதறி, பெட்டியின் முன்பக்கம் முழுக்க மூடுகிற மாதிரி அழகாக விரித்துப் போட்டுவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாஸ்டரின் கை கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டது. துண்டை எடுங்கள் என்று யார் சொல்வது? காலையில் காபியில் சர்க்கரை குறைந்ததற்கே மண்டபத்தைவிட்டுக் கிளம்பியவர். நாலு பேர் வாசல்வரை போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்கள். கல்யாண வீட்டில் தாய்மாமன் போட்ட துண்டைத் தொடுகிற தைரியம் மாப்பிள்ளைக்கே கிடையாது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். திருமலைக் குமரன் ஃபியூஸுக்குப் பதிலாகத் துண்டை அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பாட்டில் அண்ணாச்சி கையை வைத்தார். ஊசி போயிருந்தது. குத்திக்கொண்டிருந்ததெல்லாம் அந்த ஈரத் துண்டிலேயே நின்றுவிட, கனிந்த சத்தம் மட்டும் வெளியே வந்தது. அழுத குழந்தை வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டது. மாஸ்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தவர்கூட அண்ணாச்சி பக்கமாக இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

சோடா டைம் வந்தது. மாஸ்டர் அண்ணாச்சியைப் பார்த்துத் தலையசைத்தார். எத்தனையோ மேடைகளில் நான் வாசித்த அதே பழைய மெட்டை அவர் எடுத்தார். வழக்கம்போல் விரல் வழுக்கியது. ஆனால் அன்று வழுக்கிய இடமெல்லாம் வேண்டுமென்றே இழைத்த மாதிரி கேட்டது. பந்தியில் சாம்பாருக்குக் கை நீட்டியவர்கள் நீட்டியபடி இருந்தார்கள். தாய்மாமன் கண்ணை மூடிக்கொண்டார். நான் கிட்டாரை அடுத்தவர் பிள்ளையை வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டு நின்றேன். என் ஆசை, என் வீடியோ, என் மெட்டு, அவர் கைதட்டு. அழுகை வந்துவிடும்போல இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாதி மெட்டில் அண்ணாச்சி காதைத் தூக்கினார்.

“அடங்கிட்டு” என்றார்.

“என்னது?”

“சட்டி அடங்கிட்டுலே. பின்கட்டுல கருகப் போவுது. நீ பிடி.”

சொல்லிக்கொண்டே என் பழைய பெட்டியில் இருந்து என் ஒயரைப் பிடுங்கினார். வால்வுப் பெட்டியில் ஒயர் செருக இரண்டு இன்புட்டு உண்டு. ஒன்றில் அவருடையது இருந்தது. இன்னொன்றில் என்னுடையதைச் செருகிவிட்டு, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மேடையில் இருந்து குதித்து ஓடிவிட்டார். மாஸ்டர் கண்ணாலேயே விடாதே, விடாதே என்றார். விரலை வைத்தேன்.

அதை எப்படிச் சொல்வது? அத்தனை வருடம் வாசித்தும் என் கிட்டாருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டால் அது அடங்க மனமில்லாமல் நின்றது, நான் விடுகிறவரை காத்திருந்தது. மெட்டின் நடுவே நான் எப்போதும் அவசரமாகத் தாண்டிப்போகிற ஓர் இடத்தில் அன்று நின்று இழுத்தேன். சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம். அந்த நேரத்திலும் இது என் பெட்டி இல்லையே என்று ஒரு வயிற்றெரிச்சல் ஓரமாக இருந்துகொண்டே இருந்தது.

முடித்ததும் மண்டபம் அதிர்ந்தது. தாய்மாமன் கண்ணைத் திறந்தார். சரியாக அந்த நேரத்தில் அண்ணாச்சி கையில் அரிகரண்டியோடு மேடையேறினார். தாய்மாமன் எழுந்து வந்து, மாப்பிள்ளை வீட்டார் தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து அண்ணாச்சிக்குப் போர்த்தினார்.

“நடுவுல ஒரு எடத்துல இழுத்தீரு பாரும். எனக்கு எங்க அம்மை ஞாபகம் வந்துட்டுவே” என்றார்.

இழுத்தது நான். ஆனால் தாய்மாமனைத் திருத்துவது யார்? அண்ணாச்சியாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் பொன்னாடையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, “எல்லாம் உங்க துண்டு வந்த நேரம்” என்றார்.

பந்தியில் உட்கார்ந்தபோதும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. இலையில் அவருடைய சிப்ஸ் விழுந்ததும், நல்லவேளை கருகவில்லை என்று சமையல்காரரிடம் குத்தலாகச் சொன்னேன்.

“கருகவா? பொரிப்பு முகூர்த்தத்துக்கு முன்னாலேயே முடிஞ்சு அடுப்பையும் அணைச்சாச்சே” என்றார் அவர். “அண்ணாச்சி பாட்டுக்கு நடுவுல இங்கன ஓடி வந்தாரு. என்னன்னு கேட்டா, பேசாதடேன்னாரு. அந்தா அங்கன கவுத்துன அண்டா மேல உக்காந்து, பாட்டு முடியுறவரை கண்ணை மூடிக் கேட்டாரு. எந்திரிச்சுப் போவும்போது என் அரிகரண்டியை வாங்கிட்டுல்லா போனாரு.”

சிப்ஸைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாயசம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். பொன்னாடை, சாரல் படாமல் பெட்டிக்குப் போர்த்தப்பட்டிருந்தது.

“அடுப்பே எரியலையாமே அண்ணாச்சி?”

“எந்த அடுப்பு?”

“நேத்து உங்க காதுல அடங்குனதா கேட்ட அடுப்பு.”

சட்டியில் சீவலைப் போட்டார். சளசளப்பு அடங்கியதும் அள்ளினார்.

“அப்போ பக்கத்து மண்டபத்துச் சட்டியா இருக்கும்லே. எந்தச் சட்டின்னு காதுக்குத் தெரியுமா?”

“பொன்னாடையை மட்டும் ஏன் வாங்கிக்கிட்டீங்க?”

“நீ நின்ன எடத்துல வாசிச்ச. நான் அம்புட்டுத் தூரம் ஓடியிருக்கேன்” என்றார். பிறகு அள்ளின சிப்ஸில் ஒன்றை என்னிடம் நீட்டி, “நேத்து உன் சத்தம் நமுக்கலலே” என்றார்.

அதற்குப் பிறகு எல்லாக் கச்சேரியிலும் சோடா டைமில் இரண்டு ஒயரும் அந்தப் பெட்டிக்குப் போயின. ஈரத் துண்டு இல்லாமல் அண்ணாச்சி வாசிக்கவே மறுத்துவிட்டார். கச்சேரி எங்கே என்றாலும், முதலில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து பெட்டிமேல் விரித்துவிட்டுத்தான் கிட்டாரைத் தொடுவார். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நானும் என் பழைய பெட்டிமேல் ஈரத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். துண்டு காய்ந்தது. வேறு எந்த முன்னேற்றமும் தெரியவில்லை.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். மாற்றல் வந்து சில வருடங்கள் ஆகின்றன. வீட்டுக் கடன் முடிந்து நானும் ஒரு வால்வுப் பெட்டி வாங்கிவிட்டேன். நல்ல பெட்டி. இரண்டு இன்புட்டு இருக்கிறது, ஒன்று சும்மா கிடக்கிறது. சாரல் விழ ஆரம்பித்ததும் அண்ணாச்சியிடம் இருந்து போன் வரும். போன வாரமும் வந்தது. என் இடத்தில் செங்கோட்டைக்காரன் ஒருவன் வாசிக்கிறான் என்று மாஸ்டர் மூலம் கேள்விப்பட்டிருந்தேன். பெரிய வித்வானாம். அதே பெட்டியில், என் இன்புட்டில் வாசிக்கிறானாம். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

“புது ஆளு எப்படி அண்ணாச்சி?”

“நல்ல பயதான்லே. விரலு சுத்தம், மெட்டும் சுத்தம்” என்றார். பின்னால் சட்டி சளசளத்துக்கொண்டிருந்தது. “சத்தம்தான் நமுத்துப்போய்க் கிடக்கு.”

போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவருடைய வால்வுப் பெட்டியின் மேல் எனக்கு இருந்த பழைய பொறாமையெல்லாம் அன்றோடு போய்விட்டது. அது தினமும் அவர் பக்கத்திலேயே இருக்கிறது என்பதில் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.